தெரிந்தவற்றை இணைத்தால் புதுமையாகுமா?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

பேராசிரியர் கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டு முடித்ததும், "இவ்வளவுதானா? இது எனக்கே தோன்றியிருக்குமே!" என்று நாம் எண்ணுவதுண்டு. தேர்வறையில் அது ஏன் தோன்றவில்லை என்று எண்ணிப் பார்ப்பதில்லை. விடையைக் கண்டபின் வழி எளிதாகத்தான் தெரியும். காப்புரிமைச் சட்டத்திலும் இதே சிக்கல் உண்டு.

சட்டம் கூறுவது

ஒரு பொருள் புதியதாக இருந்தால் மட்டும் காப்புரிமை கிடைத்துவிடாது. ஏற்கெனவே உள்ள அறிவைவிடத் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதாரச் சிறப்போ அதில் இருக்க வேண்டும்; அத்துறையில் தேர்ச்சி பெற்றவருக்கு அது வெளிப்படையாகத் தோன்றக்கூடியதாகவும் இருத்தல் கூடாது. 1970ஆம் ஆண்டுச் சட்டத்தில், 2005இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, நம் நாட்டின் அளவுகோல் இதுவே.

பழைய உறுப்புகளை இணைத்தால்? 1978இல் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை கூறியது. பாத்திரங்களைக் கடையும்போது அவற்றைப் பற்றிப் பிடிக்கும் முறைக்கு மிர்சாப்பூர் நிறுவனம் ஒன்று பெற்றிருந்த காப்புரிமை பற்றிய வழக்கு அது. உறுப்புகள் பழையனவாயினும், ஒன்றோடொன்று இயைந்து புதிய முறையையோ மேம்பட்ட பயனையோ தருமாயின் அது கண்டுபிடிப்பே. வெறுமனே சேர்த்து வைப்பதும், பட்டறையில் செய்யும் சிறு திருத்தமும் கண்டுபிடிப்பாகா என்றது நீதிமன்றம். அக்காப்புரிமை செல்லாததாயிற்று.

என் தந்தையார் லேத்துப் பட்டறைத் தொழிலாளி; பள்ளிப் படிப்பை முடிக்காதவர். இவ்வழக்கை அவரிடம் விளக்கியபோது, "இது பட்டறையில எவனும் செய்யறதுதானேப்பா" என்றார். சட்டம் தேடும் அந்தத் தேர்ச்சி பெற்றவர் மேதையும் அல்லர், ஒன்றும் அறியாதவரும் அல்லர், தொழிலை நன்கறிந்தவர். அப்படி ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

போசின் படிகம்

இனி நம் பாடத்திற்கு வருவோம். கல்கத்தாவின் ஜகதீச சந்திர போஸ் 1901 செப்டம்பரில் அமெரிக்காவில் ஒரு விண்ணப்பம் அளித்தார். கலீனா என்னும் ஈயக் கனிமத்தின் தொடுமுனையால் மின்காந்த அலைகளை உணரும் கருவி அது. 1904 மார்ச் 29 அன்று 7,55,840ஆம் எண் காப்புரிமை வழங்கப்பட்டது. குறைகடத்திக் கருவிக்கு வழங்கப்பட்ட முதல் காப்புரிமையாக அது கருதப்படுகிறது.

அதற்கு முன்பே தெரிந்தவை யாவை? கலீனா போன்ற படிகங்களின் தொடுமுனை ஓம் விதிக்கு அடங்காமல், ஒரு திசையில் மின்னோட்டத்தை எளிதாகவும் மறுதிசையில் அரிதாகவும் விடுவதை 1874இல் ஜெர்மானியரான பிரௌன் கண்டார். 1888 அளவில் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளை மெய்ப்பித்தார். 1890இல் பிரெஞ்சு அறிஞர் எதுவார் பிரான்லி, அருகில் மின்பொறி எழுந்தால் குழாயிலுள்ள உலோகத் துருவலின் மின்தடை குறைவதைக் கண்டார். துருவலை எடுத்துவிட்டுப் படிகத்தை வைத்தால் போசின் கருவி வந்துவிடுமே என்று இன்று நாம் சொல்லலாம்.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. நாம் நிற்க வேண்டிய இடம் 1901. இன்றைய ஆய்வுக்கூடம் அன்று. பிரௌன் தம் படிகத்தை ஆராய்ந்தபோது உணர்வதற்கு அலைகளே உண்டாக்கப்படவில்லை. துருவல் குழாயையோ ஒவ்வொரு முறையும் தட்டித்தான் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். படிகத்திற்கு அத்தொல்லை இல்லை. அலை நின்றதும் தானே மீளும். உச்ச நீதிமன்றம் கூறிய மேம்பட்ட பயன் இதுவன்றோ? மாறாக, "இப்படிகம் அலைகளை உணரவும் உதவும்" என்று பழைய கட்டுரை ஒன்று வழி காட்டியிருந்தால், போசின் உரிமைக் கோரிக்கை வலுவிழந்திருக்கும். எனவே நம் நாட்டு அளவுகோலில் வைத்தாலும் போசின் கருவி தேறும் என்பதே என் முடிவு. இது மாணவப் பயிற்சியே, தீர்ப்பன்று.

ஆகவே நண்பர்களே, கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: அன்று என்னென்ன தெரிந்திருந்தன? அவற்றை இணைக்க அன்றே காரணம் இருந்ததா? இணைப்பால் விளைந்த பயன் யாது? பிறர் உழைப்பை "இவ்வளவுதானா" என்று தள்ளுமுன் இவற்றைக் கேட்டுப் பார்ப்போம். நாளை நம் உழைப்பையும் பிறர் அவ்வாறே எடை போடட்டும்.