அக்ரிலிக் தகட்டில் சீரான வெண்மைச் செதுக்கல்

லேசர் செதுக்கு இயந்திரம் உள்ள பள்ளிகளில் மாணவர்கள் முதலில் செய்ய விரும்புவது பெயர்ப் பலகை. கண்ணாடி போன்ற அக்ரிலிக் தகட்டில் எழுத்துகள் பனி படர்ந்ததுபோல் வெண்மையாகத் தெரிய வேண்டும். ஆனால் பல நேரங்களில் ஓரிடம் வெளுத்தும், ஓரிடம் தெளிந்தும், இடையே கோடுகள் விழுந்தும் வருகிறது. மாணவர் இயந்திரத்தைக் குறை கூறுவார். காரணத்தைத் தேட வைப்பதுதான் நமது பாடம்.

வெண்மை எப்படி வருகிறது?

கார்பன் டை ஆக்சைடு லேசரின் அகச்சிவப்பு ஒளியை (10.6 மைக்ரோமீட்டர்) அக்ரிலிக் நன்கு உட்கவர்கிறது. சூடேறிய மேற்பரப்பு ஆவியாகி, நுண்ணிய குழிகளும் மேடுகளும் உண்டாகின்றன. அவற்றில் படும் ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறுவதால் அந்த இடம் வெண்மையாகத் தெரிகிறது. வெப்பம் மிகுந்தால் பரப்பு உருகி வழவழப்பாகும், வெண்மை மறையும். 450 நானோமீட்டர் நீலநிற டையோடு லேசர் தெளிவான அக்ரிலிக்கை ஊடுருவிச் சென்றுவிடும். அது இதற்குப் பயன்படாது.

தகட்டின் வகை

அச்சில் வார்த்துச் செய்யும் ‘காஸ்ட்’ அக்ரிலிக் நல்ல வெண்மை தரும். பிதுக்கிச் செய்யும் ‘எக்ஸ்ட்ரூடட்’ வகை எளிதில் உருகுவதால் செதுக்கிய இடம் தெளிவாகவே நிற்கும். கடையில் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஒரு துண்டில் செதுக்கிப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

செயல்பாடு: சோதனைக் கட்டங்கள்

1. வீணான தகட்டுத் துண்டு ஒன்றில் 1 செ.மீ. அளவில் 16 கட்டங்கள் வரையச் செய்யுங்கள்.
2. திறனை 10, 15, 20, 25 சதவீதம் எனவும், வேகத்தை நொடிக்கு 150, 200, 250, 300 மி.மீ. எனவும் மாற்றுங்கள். கோட்டு இடைவெளி எல்லாவற்றிலும் 0.1 மி.மீ. ஆகவே இருக்கட்டும்.
3. கறுப்புத் தாளின்மேல் வைத்து, எது மிகச் சீராக உள்ளது என மாணவர்களே முடிவு செய்யட்டும்.

பெரும்பாலும் குறைந்த திறனும் மிகுந்த வேகமும் வெல்லும். எண்கள் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். உங்கள் அட்டவணையைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

குறையும் தீர்வும்

• கோடுகள் தெரிந்தால்: குவியத்திலிருந்து 1 முதல் 2 மி.மீ. விலக்கிப் பாருங்கள். ஒளிப்புள்ளி அகன்று அடுத்தடுத்த கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்.
• ஒரு பக்கம் மட்டும் மங்கினால்: தகடு மட்டமாக இல்லை. நான்கு மூலைகளிலும் லென்ஸின் உயரத்தை அளக்கச் செய்யுங்கள்.
• புகைக்கறை படிந்தால்: புகை இழுக்கும் விசிறி இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து செதுக்கத் தொடங்குங்கள், புகை இன்னும் செதுக்காத பகுதியின்மேல் செல்லும்.
• துடைக்கும்போது: ஆல்கஹால் வேண்டாம், மயிரிழை வெடிப்புகள் வரும். சோப்பு நீரும் மென்துணியும் போதும்.

பாதுகாப்பு

பி.வி.சி. தகட்டை ஒருபோதும் வைக்கக் கூடாது. அது வெளியிடும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலைத் தாக்கும், இயந்திரத்தையும் அரிக்கும். பெயர் தெரியாத பிளாஸ்டிக்கை மாணவர் கொண்டுவந்தால் மறுத்துவிடுங்கள். அக்ரிலிக் தீப்பற்றக்கூடியது. மூடியைத் திறந்து இயக்காதீர்கள். இயந்திரம் ஓடும்வரை ஆசிரியர் அருகிலேயே இருக்க வேண்டும். புகை அறைக்குள் தங்காமல் வெளியேற வேண்டும்.

அறிவியல் பாடத்தோடு

செதுக்கிய தகட்டின் கீழ் விளிம்பில் ஓர் எல்.இ.டி. விளக்கைப் பொருத்துங்கள். அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.49, மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 42 டிகிரி. முழு அக எதிரொளிப்பால் உள்ளேயே பயணிக்கும் ஒளி, செதுக்கிய இடத்தில் மட்டும் சிதறி வெளிவரும். எழுத்துகள் ஒளிரும். செதுக்கல் எங்கெல்லாம் சீராக இல்லையோ அங்கெல்லாம் விளக்கே காட்டிக்கொடுக்கும். அதைப் பார்த்து, அடுத்த முறை எந்த ஒன்றை மாற்றலாம் என்று மாணவரே சொல்லட்டும்.