நூறு வாட் வாங்குவதற்கு முன்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. சேர்த்து வைத்த பணத்தில் நூறு வாட் ட்யூப் ஆம்ப்பும் நான்கு ஸ்பீக்கர் கொண்ட பெட்டியும் வாங்கப் போகிறாய் என்று அம்மா போனில் சொன்னாள். உங்கள் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிற பையன், அதெல்லாம் பழங்காலம், ஆம்ப்பின் ஒலியைப் பாவனை செய்யும் ஒரு பிராசஸர் போதும் என்கிறானாம். எது நல்ல ஒலி என்பதில்தான் உங்கள் வாக்குவாதம் என்று தெரிகிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று: மேடையில் நிற்கும்போது உன் கிட்டார் உன் காதுக்கு எந்த வழியாக வரப்போகிறது? இதற்கு விடை தெரிந்த பிறகு கடைக்குப் போ.

பெரிய ஆம்ப் ஏன் வந்தது என்று தெரிந்துகொண்டால் உனக்கு அது வேண்டுமா என்பதும் தெரிந்துவிடும். மேற்கு லண்டன் ஹான்வெல்லில் டிரம்ஸ் கடை வைத்திருந்தவர் ஜிம் மார்ஷல். அமெரிக்காவின் ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்ப்பின் சர்க்யூட்டை அடியொற்றி 1962-இல் அவர் கடையில் முதல் மார்ஷல் ஆம்ப் உருவானது. பிறகு ‘தி ஹூ’ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் இன்னும் சத்தம், இன்னும் சத்தம் என்று கேட்டுக்கேட்டு, 1965 வாக்கில் நூறு வாட் வந்தது. எட்டு ஸ்பீக்கரை ஒரே பெட்டியில் அடைத்துத் தரச் சொன்னார். அதைத் தூக்கிச் சுமந்தவர்கள் முறையிட்டதால்தான் பெட்டி இரண்டாகப் பிரிந்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியது. சுவரொட்டிகளில் நீ பார்த்து ஆசைப்பட்ட அந்த அடுக்கு, சுமக்க முடியாமல் போனதால் பிறந்தது.

அன்றைக்கு அந்தச் சத்தத்துக்குத் தேவை இருந்தது. அரங்கத்தின் ஒலிபெருக்கி பாடகரின் குரலுக்கே போதாது. கிட்டார் கடைசி வரிசை வரை போக வேண்டுமென்றால், மேடையில் இருக்கும் பெட்டியே அதைக் கொண்டுசேர்க்க வேண்டும். 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் வாசித்தபோது கூட்டம் 55,000-ஐத் தாண்டியது. வாக்ஸ் நிறுவனம் நூறு வாட் ஆம்ப்கள் செய்து கொடுத்திருந்தது. அப்படியும் ரசிகர்களின் கூச்சலில் வாசித்தவர்களுக்கே தங்கள் வாசிப்பு கேட்கவில்லை.

இன்று அந்த வேலை உன் ஆம்ப்புடையது இல்லை. எல்லா வாத்தியமும் மிக்ஸருக்குப் போய் அரங்கத்தின் ஸ்பீக்கர்கள் வழியாக வெளியே வருகின்றன. நீ நான்கு ஸ்பீக்கர் பெட்டியை வைத்தாலும், சவுண்ட் இன்ஜினியர் அதில் ஒன்றின் முன்னால் ஒரு எஸ்எம்57 மைக்கை நிறுத்துவார். அந்த மைக்குக்குக் கேட்பதுதான் கூட்டத்துக்கும் கேட்கும். மற்ற மூன்றும் உன் முழங்காலுக்கும் முன்வரிசைக்கும் வாசிக்கின்றன. பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரின் கூரிய ஒலி பக்கவாட்டில் பரவாமல் நேராகப் பாயும். பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிற உனக்கு மந்தமாகக் கேட்கும். நீ இன்னும் கூட்டுவாய். நேர் எதிரே உட்கார்ந்திருப்பவர் காதைப் பொத்துவார். இன்ஜினியர் மிக்ஸரில் உன்னை இறக்கிவிடுவார். இந்தத் தகராறு இல்லாத மேடையை நான் பார்த்தது அபூர்வம்.

வாட் கணக்கையும் தெரிந்துகொள். ஐம்பது வாட்டிலிருந்து நூறுக்குப் போனால் கிடைப்பது 3 டெசிபல். சத்தம் கூடியது தெரியும், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்றச் சுமார் பத்து மடங்கு வாட் வேண்டும். செலஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் வரும். அமெரிக்கத் தொழில்நலக் கழகமான நியோஷ் சொல்லும் கணக்குப்படி 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம். 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். அந்தக் கால் மணி நேரத்துக்கே ஒரு வாட் போதும். மிச்சம் தொண்ணூற்றொன்பதை எங்கே பயன்படுத்தப் போகிறாய்? நூறு வாட் கேட்ட அதே டவுன்ஷெண்ட், காது இரைச்சலையும் கேட்கும் திறன் குறைந்ததையும் பற்றிப் பல ஆண்டுகளாக வெளிப்படையாகப் பேசிவருகிறார். என் தலைமுறையில் மேடைக்காரர்கள் பலர் இப்போது பேசும்போது கையைக் காதருகே கொண்டுபோகிறார்கள். உனக்கு அது வேண்டாம், கண்ணா. எந்த ஆம்ப் வாங்கினாலும் அதற்கு முன் இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் ஒரு ஜோடி வாங்கு.

இப்படிச் சொல்வதால் ட்யூப் ஆம்ப்பில் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ளாதே. அதன் ட்யூப்கள், அதாவது வால்வுகள், தம் எல்லைக்குப் பக்கத்தில் வேலை செய்யும்போது உன் விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி வளைந்துகொடுக்கும். மெல்லத் தொட்டால் தெளிவு, அழுத்தித் தட்டினால் கரகரப்பு, இரண்டும் ஒரே ஸ்வரத்துக்குள் கிடைக்கும். பெட்டியிலிருந்து வரும் காற்று தந்தியைத் திரும்ப அதிரவைத்து, ஸ்வரம் ஓயாமல் நின்று பாடும். காதுக்குள் இன்-இயர் மட்டும் மாட்டிக்கொண்டு வாசிப்பவனுக்கு அது கிடைக்காது. ஆனால் நூறு வாட் ஆம்ப்பை அந்த எல்லைக்குக் கொண்டுபோக நீ வாசிக்கும் எந்த அரங்கிலும் அனுமதிக்க மாட்டார்கள். குரலைக் குறைத்து வைத்த பெரிய ட்யூப் ஆம்ப்பைவிட, முழுதாகத் திறந்துவிட்ட ஐந்து வாட் ஆம்ப் எவ்வளவோ மேல். மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ரிகர்சல் அறைகள் சிலவற்றில் ட்யூப் ஆம்ப் வைத்திருக்கிறார்கள். அங்கே போய் நன்றாகத் திறந்து வாசித்துப் பழகு. அந்த ஒலி காதில் பதிந்தால்தான் பிராசஸரில் எதைத் தேடுகிறோம் என்பதே தெரியும்.

நான் வாங்கச் சொல்வது, நடுத்தர விலையில் ஒரு பிராசஸர், அதோடு மிக்ஸருக்குப் போவதையே உனக்கும் கேட்கவைக்கும் பன்னிரண்டு அங்குல பவர்டு ஸ்பீக்கர் ஒன்று. பிராசஸரைவிட ஸ்பீக்கருக்குக் கூடச் செலவானாலும் யோசிக்காதே. கல்யாண ரிசப்ஷனிலும் திருவிழா மேடையிலும் வாசிப்பவர்கள் தங்களைக் கேட்பதற்கான மானிட்டர் ஸ்பீக்கர் பாடகருக்குத்தான் முதலில் போகும். கிட்டாருக்கு மிஞ்சினால் உண்டு. உன் பின்னால் சாய்த்துவைத்த சொந்த ஸ்பீக்கர் இருந்தால் யாரையும் கெஞ்ச வேண்டாம், முன்னே சொன்ன அந்தக் காற்றும் ஓரளவு கிடைக்கும். ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஒன்றே சுமார் 29 கிலோ; மார்ஷலின் நான்கு ஸ்பீக்கர் பெட்டி 36 கிலோ, அதன்மேல் ஆம்ப் தனி. ஆட்டோவில் ஏற்றும்போது அந்தக் கிலோக்களின் அர்த்தம் புரியும்.

பிராசஸர் வாங்கியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். இரவில் அறைக்குள் மெதுவாக வைத்து, பேட்ச் எனப்படும் ஒலி அமைப்பைச் செய்வார்கள். குறைந்த ஒலியில் மனிதக் காதுக்கு அடிநாதமும் உச்சநாதமும் குறைவாகக் கேட்கும். 1933-இலேயே ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிய உண்மை இது. அதை ஈடுகட்ட இரண்டையும் ஏற்றிவைப்பார்கள். மேடையில் சத்தம் ஏறியதும் அதே பேட்ச் கீழே கும்மென்று குழம்பி, மேலே கொசுவாய் ரீங்கரிக்கும். ஆகவே மேடை அளவு சத்தத்தில், டிரம்ஸும் பாஸும் கூட இருக்கும்போது பேட்ச் அமை. 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடு, அந்த இடம் பாஸுக்கும் கிக் டிரம்முக்கும் உரியது. கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் தராது. மேலேயும் 6, 7-இல் வெட்டு. தனியாகக் கேட்டால் மெலிந்ததாகத் தோன்றும், குழுவோடு சேரும்போது துலங்கும்.

மிக்ஸருக்கு நேரே போகும்போது பிராசஸரில் ஸ்பீக்கர் பெட்டியின் பாவனை போட்டிருக்க வேண்டும். நிஜ ஆம்ப்புக்குள் போகும்போது அதை அணைத்துவிட வேண்டும். மேடையில் ரோலண்ட் ஜேசி-120 ஆம்ப் நின்றால் அதன் முன்பக்க ஜாக்கில் செருகாமல் பின்பக்க ரிட்டர்ன் ஜாக்கில் செருகு, இல்லையென்றால் ஒலி இரண்டு முறை வேகும். வெளியீட்டை மோனோவில் வை. பல இடங்களில் ஒற்றை வயர்தான் எடுப்பார்கள், உன் ஸ்டீரியோ அலங்காரத்தில் பாதி மிக்ஸரை எட்டாது.

நம் ஊர் மின்சாரம் பற்றி ஒன்று. ஜெனரேட்டர் மாற்றும்போது கரண்ட் ஒரு நொடி போனாலும் பிராசஸர் மறுபடி உயிர் பெறச் சிறிது நேரம் எடுக்கும், பாட்டு நடுவில் நீ ஊமையாக நிற்பாய். கம்ப்யூட்டருக்கு வைக்கிற சின்ன யூபிஎஸ் ஒன்று எடுத்துப்போ. அமெரிக்காவிலிருந்து வரும் உன் சித்தப்பாவிடம் ட்யூப் ஆம்ப் வாங்கிவரச் சொல்லலாமா என்று அம்மாவிடம் கேட்டாயாமே, வேண்டாம். அங்கே 120 வோல்ட், இங்கே 230. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரை மறந்து ஒருநாள் செருகினால் போயிற்று. தேய்ந்த வால்வுக்கு மாற்றும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனாவிலிருந்துதான் வர வேண்டும்.

பெரிய அடுக்கின் முன்னால் நிற்கும் ஆசை உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நீ போற்றும் மெட்டாலிகாவே 2013 டிசம்பரில் அண்டார்டிகாவில் வாசித்தபோது மேடையில் ஆம்ப் இல்லை. கூடாரத்துக்குள் இருந்தவர்கள் ஹெட்ஃபோனில் கேட்டார்கள். கைவேகமும் வெறியும் கொஞ்சமும் குறையவில்லை.

உங்கள் ரிகர்சல் அறையின் நீள அகலத்தையும், பாஸ் வாசிப்பவன் எத்தனை வாட் பெட்டி வைத்திருக்கிறான் என்பதையும் எழுதி அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு ஸ்பீக்கர் பத்து அங்குலமே போதுமா, பன்னிரண்டு தேவையா என்று சொல்கிறேன். அதுவரை முன்பணம் எதுவும் கட்டாதே. அம்மா அப்பாவுக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
மாமா