மீன்கறிக்கு ருசி அரைப்பில்

புதிதாகச் சட்டி ஏற்றுகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம், "எத்தனை ஸ்பூன் பொடி?" என்றுதான். பொடிக் கணக்கு பிறகு வரட்டும் மக்களே. குழித்துறைப் பக்கத்து மீன்கறிக்கு ருசி, தேங்காயை அரைக்கிற பதத்தில் இருக்கிறது.

1. முதலில் மீனைப் பாருங்கள், பிறகு கறியை முடிவு செய்யுங்கள். தேங்காய்ப்பட்டணத்திலிருந்தும் குளச்சலிலிருந்தும் வருகிற மீனெல்லாம் ஒரே கறிக்கு ஆகாது. சாளை, அயிலை எண்ணெய் உள்ள மீன்கள். புளி தூக்கலாக வேண்டும். விளமீன், பாரைக்குத் தேங்காய் கூட்டி, புளியைக் குறைத்து, ஒரு பச்சை மாங்காயை நறுக்கிப் போடுங்கள். நெத்திலிக்குக் குழம்பே வேண்டாம். ஒன்றிரண்டாக அரைத்த தேங்காயில் அவியல் வையுங்கள்.

2. சாளை, அயிலை, சூரை மூன்றையும் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த கூடையிலிருந்து வாங்கவே வாங்காதீர்கள். அப்படிக் கிடந்த மீனில் ஹிஸ்டமின் என்ற நச்சு ஊறும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. வாயில் வைத்ததும் சுருக்கென்று எரிந்தால் சட்டியோடு கொட்டிவிடுங்கள்.

3. இனி அரைப்பு. அரைக்கிலோ மீனுக்கு அரை மூடித் தேங்காய், ஏழெட்டு வத்தல் மிளகு, இரண்டு ஸ்பூன் மல்லி, அரை ஸ்பூன் மஞ்சள்தூள், கொஞ்சம் நல்லமிளகு, கடைசியில் நாலைந்து சின்ன உள்ளி. அமெரிக்கக் கண்டத்து மிளகாயைப் போர்ச்சுகீசியர் கொண்டுவருவதற்கு முன்னால் நம் காரமெல்லாம் நல்லமிளகுதான், அதை விட்டுவிடாதீர்கள். முதலில் வத்தலையும் மல்லியையும் தண்ணீர் தெளித்து மையாக அரையுங்கள். அதன்பிறகே தேங்காய். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் தேங்காய் அரைந்துவிடும், மல்லித் தோல் அரையாமல் நிற்கும். இரண்டு விரலுக்கிடையில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். திரிதிரியாகத் தட்டினால் இன்னும் அரைக்க வேண்டும். வெண்ணெய் போல வழுக்கினால் போதும். மிக்சியில் அரைக்கிறவர்கள் நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள். சூடேறினால் தேங்காய் எண்ணெய் விட்டுப் பிரிந்துவிடும். உள்ளியை இரண்டு சுற்று ஓட்டி, சதைந்ததும் நிறுத்துங்கள்.

4. வாளன்புளி என்றால் நெல்லிக்காய் அளவு. கொடம்புளி என்றால் இரண்டு சுளை, கழுவி ஊறவைத்தது. இரண்டையும் சேர்த்துப் போட வேண்டாம். புளிக்கறிக்கு மண்சட்டி நல்லது. புளி அலுமினியப் பாத்திரத்தை அரிக்கும், கறியின் ருசியும் மாறும்.

5. அரைப்பையும் புளியையும் உப்பையும் கலக்கி முதலில் கொதிக்க விடுங்கள். பச்சை வாடை போன பிறகுதான் மீன். மீன் போட்ட சட்டிக்குள் கரண்டி போகக்கூடாது. துணியால் இரண்டு பக்கமும் பிடித்து, சட்டியையே ஒரு சுற்றுச் சுற்றி வையுங்கள். சாளைக்குப் பத்து நிமிடம் தாராளம். இறக்கிய பிறகும் மண்சட்டியில் கறி சற்று நேரம் கொதித்துக்கொண்டிருக்கும், அதையும் கணக்கில் வைத்துத் தீயை அணையுங்கள்.

6. இறக்கியதும் பச்சைத் தேங்காய் எண்ணெய் ஒரு ஸ்பூன், ஒரு கொத்துக் கறிவேப்பிலை கசக்கிப் போட்டு மூடுங்கள். அரை மணிக்கூர் திறக்காதீர்கள்.

7. மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. மீன் குஞ்சு பொரித்துப் பெருக வேண்டிய காலம் அது, வள்ளக்காரர் கொண்டுவருவது போதும். கிடைக்காத நாளில் இதே அரைப்பில் கருவாடு போடுங்கள், உப்பு மட்டும் கவனம்.

8. இந்தக் கறி கெட்டியாக இருப்பது மரச்சீனிக்காக. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய கிழங்கு அது. அப்போது நம் ஊரும் அந்த நாட்டில்தான் இருந்தது. அரிசி இல்லாத வீடுகளை எத்தனையோ காலம் காப்பாற்றிய கூட்டு, மரச்சீனியும் சாளைக்கறியும். கிழங்கை நிறையத் தண்ணீரில் திறந்து வேகவைத்து, வெந்த தண்ணீரை மறக்காமல் வடித்துக் கொட்டுங்கள். கிழங்கிலுள்ள நச்சு அதில் இறங்கியிருக்கும்.