சிலந்திக்கடியும் தேள்கடியும்

மயிலாப்பூர், அடையாறு வட்டார உறுப்பினர் இல்லங்களில் திரியும் சிலந்திகளுள் பெரும்பாலானவை குழந்தைகளுக்குத் தீங்கற்றவை. கடிவாயைச் சோப்பிட்டுக் கழுவிக் குளிர்நீர்த் துணி வைத்தால் வலி தணியும். புண்கட்டிக்கும் சிலந்தி என்றே பெயர் வைத்தோம். அதனாலோ என்னவோ, சீழ்க்கட்டியையும் பூச்சிக்கடி என்று விட்டுவிடுகிறோம். சிவப்புப் பரவிக் காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

நாம் அஞ்சத்தக்கது தேளே. இருளில் கடித்தது எதுவென்று அறியாத நிலையில், குழந்தைக்கு உடல் வியர்த்து, வாந்தி கண்டு, கைகால் சில்லிடுமாயின், கட்டுப்போட்டும் மந்திரித்தும் காலங்கடத்தலாகாது. 108-ஐ அழைத்து, எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை போன்றதோரிடம் சேர்ப்பிக்க வேண்டும். மகாராஷ்டிரத்து மகாட் ஊரில் டாக்டர் பவாஸ்கர் 1980-களில் பிரசோசின் மாத்திரையால் தேள்கடிபட்டோர் பலரைக் காத்தார். அதனை விரைந்து கொடுத்தால் பயன் மிகுதி. ஆயினும் இரத்த அழுத்தத்தைத் தாழ்த்துவதாகலின், மருத்துவர் மேற்பார்வையின்றி வீட்டில் கொடுத்தல் கூடாது.