விளக்கு எரியாவிட்டால் எல்லாம் சரியா?

விருதுநகரிலும் சிவகாசியிலும் பைக், கார் சைலன்சரை மாற்றுவோர் சொல்லும் ஒரு வாக்கு வேதம்போலப் பரவியிருக்கிறது: “எஞ்சின் விளக்கு எரியாமல் மாற்றிவிட்டால் பிரச்சினையே இல்லை.” அந்த விளக்கு சத்தத்தை அளப்பதில்லை, சட்டத்தையும் அறியாது. கார்களில் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கிக்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் சென்சார்கள் உண்டு. வினையூக்கி வேலை செய்யவில்லை என்று பின்னுள்ள சென்சார் காட்டினால் விளக்கு எரியும். அதைத் தாண்டியுள்ள சைலன்சரை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் எரியாது. ஆனால் தெருவே அதிரும். வினையூக்கியையே கழற்றிவிட்டுச் சென்சாரை ஏமாற்றினாலும் விளக்கு அணைந்தே இருக்கும். கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் மட்டும் நம் பிள்ளைகளின் மூச்சில் கலக்கும். வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியும் ஒரே அடையாளம் விளக்கு என்பதால்தான் இந்த நம்பிக்கை நிலைக்கிறது.

“புகைச் சான்றிதழ் இருக்கிறதே” என்பது அடுத்த வாதம். பெட்ரோல் வண்டிக்கான அந்தச் சோதனையில் நைட்ரஜன் ஆக்சைடும் இல்லை, சத்தமும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி, ஒலி, காற்று மாசு வரம்பை மீறினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம். பிடிபடாதவர் சொல்லும் கதைதான் ஊரில் பரவுகிறது. அபராதம் கட்டியவர் வாய் திறப்பதில்லை.

சைலன்சரைக் கழற்றினால் வேகம் கூடும் என்பதும் பெரும்பாலும் காதின் மயக்கமே. எரிபொருள் அளவைச் சரிசெய்யாமல் குழாயை மட்டும் திறந்துவிட்டால், குறைந்த வேகத்தில் இழுவை குறையவும் கூடும்.

எல்லாவற்றிலும் மோசமானது, “பட்டாசு ஊரில் இதெல்லாம் ஒரு சத்தமா?” என்ற கேள்வி. பட்டாசுக்கே வரம்பு உண்டு: வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல். தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளிக்குக் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று நேரமும் குறித்திருக்கிறார்கள். சைலன்சர் வெடியோ ஆண்டு முழுக்க, நள்ளிரவிலும், ஆஸ்பத்திரி வாசலிலும் கேட்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த வட்டாரம் இது. இங்கே திடீரென்று ‘டமார்’ என்று கேட்டால், ஆலைக்கு ஆள் அனுப்பிய வீட்டில் முதலில் வருவது பயம்தான். அந்தப் பயத்தை வேடிக்கைக்காகக் கிளப்ப யாருக்கும் உரிமை இல்லை. கழற்றிய கம்பெனி சைலன்சர் பல வீடுகளில் பரணில்தான் கிடக்கிறது. அதை எடுத்துத் திரும்ப மாட்டச் சொல்ல வேண்டியது, வண்டி வாங்கிக் கொடுத்த பெற்றோரின் பொறுப்பு.