சிப்பிக் காளான் குடிலில் விட்டு விட்டு நீர் தெளிக்க டைமர்

சிப்பிக் காளான் குடில் உள்ள வீடுகளில் பகல் வேளையில் யாராவது ஒருவர் வீட்டில் இருந்தே ஆக வேண்டியுள்ளது. பையைக் கிழித்த நாள் முதல் கடைசி அறுவடை வரை வளர்ப்பு அறையின் காற்று ஈரப்பதம் 80 சதத்திற்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். கைத்தெளிப்பானை எடுத்துக்கொண்டு குடிலுக்குள் போய் வரும் இந்த வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் பொறுப்பாகவே அமைந்துவிடுகிறது. காற்று வறண்டு வீசும் நாட்களில் மணிக்கொரு தரம் தெளிக்க நேரிடும். பக்கத்து ஊரில் நல்லது கெட்டது என்றால்கூட ஒருவர் நின்றுவிட வேண்டியதுதான். துணிந்து எல்லோரும் போய்விட்டு மாலையில் திரும்பினால், காலையில் குண்டூசித் தலை போல் இருந்த மொட்டுகள் காய்ந்து சுருங்கிக் கிடக்கும். அந்தப் படுக்கையின் முதல் அறுவடை போனது போனதுதான்.

இந்த ஒரு வேலையை ஒரு சிறிய மின்கருவியிடம் ஒப்படைக்கலாம். மின் சாமான் கடைகளில் 'சைக்கிளிக் டைமர்' என்றோ 'ரிப்பீட் சைக்கிள் டைமர்' என்றோ கேட்டால் கிடைக்கும். வெறுமனே 'சைக்கிள் டைமர்' என்று கேட்டுவிட்டுக் கடைக்காரர் மிதிவண்டிக் கடைக்கு வழி காட்டினால் அவர் மேல் குற்றமில்லை.

எந்த டைமர்?

கடையில் முதலில் எடுத்துக் காட்டப்படுவது பெரும்பாலும் வேறொரு டைமராகவே இருக்கும். வட்டத் தட்டைச் சுற்றிலும் சிறு ஊசிகள் வரிசையாக இருக்கும் 24 மணி நேர டைமர் அது. அதில் 96 ஊசிகள் உண்டு. ஓர் ஊசிக்கு 15 நிமிடம். தெருவிளக்கு, தொட்டி விளக்கு போன்றவற்றிற்கு இது ஏற்றது. காளானுக்கு இது மட்டும் உதவாது. ஏனெனில் குறைந்தது 15 நிமிடம் தொடர்ந்து தெளித்தால் குடில் குளமாகிவிடும்.

நமக்கு வேண்டியது இரண்டு திருகுகள் உள்ளது. ஒரு திருகு எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பதற்கு (ஆன்). மற்றது எவ்வளவு நேரம் ஓய வேண்டும் என்பதற்கு (ஆஃப்). 30 வினாடி ஓட்டம், 30 நிமிடம் ஓய்வு என்று வைத்துவிட்டால், மின்சாரம் உள்ளவரை அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும். சுவரில் உள்ள பிளக்கில் டைமரைச் செருகி, டைமரில் உள்ள துளையில் பம்பின் பிளக்கைச் செருக வேண்டியதுதான். கம்பி பிரிக்கும் வேலை ஏதும் இல்லை.

பம்பும் தெளிப்பு முனைகளும்

எட்டு முனைகள் வரை உள்ள சிறு குடிலுக்கு, கைத்தெளிப்பான்களில் பொருத்தப்படும் 12 வோல்ட் சிறு பம்பே போதும். வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றும் அடாப்டர் குடிலுக்கு வெளியில் இருக்கும். அதன் பிளக்கைத்தான் டைமரில் செருகுகிறோம். ஈரமான குடிலுக்குள் 12 வோல்ட் மட்டுமே போவது பெரிய பாதுகாப்பு. பனிபோல் தெளிக்கும் முனைகளுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 3 முதல் 4 கிலோ அழுத்தம் தேவை. அழுத்தம் குறைந்தால் பனி வராது, தூறல் வரும். தூறல் காளானுக்கு ஆகாது. பம்பு நின்ற பிறகும் குழாயில் மீதியுள்ள நீர் முனையில் சொட்டிக்கொண்டிருக்கும். சொட்டுத் தடுப்பு வால்வு உள்ள முனைகளை வாங்கினால் இத்தொல்லை இராது. அது கிடைக்காவிடில், முனைக்கு நேர் கீழே படுக்கை தொங்காதவாறு உறிகளைத் தள்ளிக் கட்டுக.

ஏற்கெனவே வீட்டில் ஒரு குதிரைத்திறன் மோட்டார் இருக்கிறதே, அதையே டைமரில் மாட்டினால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். அவ்வாறு செய்தல் கூடாது. டைமரின் மேல் 10 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் அது பெரும்பாலும் பல்பு, ஹீட்டர் போன்றவற்றிற்கான அளவு. மோட்டார் புறப்படும் நொடியில் அது ஓடும்போது எடுக்கும் மின்னோட்டத்தைப் போல் பல மடங்கு இழுக்கும். அரை மணிக்கொரு முறை இப்படி இழுத்தால் டைமருக்குள் உள்ள தொடுமுனைகள் தீய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு 'ஆஃப்' என்பதே கிடையாது. மோட்டாரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், டைமர் ஒரு கான்டாக்டரை இயக்க, கான்டாக்டர் மோட்டாரை இயக்கும்படி மின் பணியாளரைக் கொண்டு அமைத்துக்கொள்க.

திருகை வைக்கும் முறை

இங்குதான் தவறு நேருகிறது. பல டைமர்களில் எண்ணைக் காட்டும் திருகு ஒன்றும், அந்த எண் வினாடியா, நிமிடமா, மணியா என்று காட்டும் சிறு விசை ஒன்றும் இருக்கும். எஸ் என்ற ஆங்கில எழுத்து வினாடி, எம் நிமிடம், எச் மணி. ஓர் உழவர் ஓட்ட நேரத்தை 30 என்று வைத்தார். விசை எம்-மில் இருந்ததைக் கவனிக்கவில்லை. 30 வினாடி என்று நினைத்தது 30 நிமிடமாகிவிட்டது. அன்று அவர் வீட்டில் எல்லோரும் ஒரு திருமணத்திற்குப் போய்விட்டனர். டைமர் வாங்கியதே அதற்குத்தானே! இரவு வந்து பார்த்தபோது படுக்கைகளின் அடியில் நீர் தேங்கி, தரை மணல் சேறாகிக் கிடந்தது. அடுத்த சில நாட்களில் வைக்கோல் அழுகி நாற்றமெடுத்தது. அந்தத் தொகுதி முழுவதையும் எருக்குழியில் போட நேர்ந்தது. கைத்தெளிப்பானோடு அலைந்த நாளில் அவருக்கு இந்த நட்டம் வந்ததில்லை. டைமர் சொன்னதைத்தான் செய்யும். சொன்னது சரியா என்று அதற்குத் தெரியாது.

ஆகவே பம்பை மாட்டும் முன்பு ஒரு மேசை விளக்கை டைமரில் மாட்டுக. விளக்கு எரியும் நேரத்தையும் அணைந்திருக்கும் நேரத்தையும் கைக்கடிகாரத்தில் பார்த்து, மூன்று சுற்று சரியாக வருகிறதா என்று உறுதி செய்துகொள்க. ஒன்றரை மணி நேர வேலைதான். நடுவில் ஒரு முறை மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் போடுக. உடனே விளக்கு எரிந்தால் உங்கள் டைமர் ஓட்டத்தில் தொடங்கும் வகை; எரியாவிட்டால் ஓய்வில் தொடங்கும் வகை. இதைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம். ஓட்டத்தில் தொடங்கும் டைமரானால், மாலையில் பத்து முறை மின்சாரம் போய்ப் போய் வந்தால் பத்து முறை கூடுதலாகத் தெளித்துவிடும். சில டைமர்களில் இதை மாற்றிக்கொள்ள விசை உண்டு. அப்படியிருந்தால் ஓய்வில் தொடங்குமாறு வைப்பது நல்லது.

எவ்வளவு நேரம்?

30 வினாடி ஓட்டம், 30 நிமிடம் ஓய்வு என்பதை வைத்துத் தொடங்கலாம். காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை சுமார் 24 முறை தெளிக்கும். மொத்த ஓட்டம் 12 நிமிடமே. ஒரு முனை மணிக்கு 7 லிட்டர் விடுமானால், எட்டு முனைகளுக்கு நாள் முழுவதற்கும் 11 லிட்டர் நீர்தான் செலவாகும். உங்கள் முனை எவ்வளவு விடுகிறது என்பதை, அதன் மேல் ஒரு பாலித்தீன் பையைக் கட்டி, 6 நிமிடம் ஓடவிட்டு, சேர்ந்த நீரை அளந்து பத்தால் பெருக்கினால் தெரிந்துகொள்ளலாம்.

இந்த அளவு எல்லா ஊருக்கும் எல்லா நாளுக்கும் பொருந்தாது. இரண்டு வெப்பமானிகளைக் குடிலில் தொங்கவிட்டு, ஒன்றின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி, துணியின் நுனி நீரில் இருக்கும்படி செய்க. காய்ந்தது 26 டிகிரியும் ஈரமானது 24 டிகிரியும் காட்டினால் ஈரப்பதம் சுமார் 85 சதம், அதுவே வேண்டியது. இரண்டிற்கும் இடையே நான்கு டிகிரி வேறுபாடு வந்தால் காற்று வறண்டுவிட்டது என்று பொருள்.

வறண்டிருந்தால் ஓட்ட நேரத்தைக் கூட்டத் தோன்றும். அதைக் கூட்ட வேண்டாம். ஓய்வு நேரத்தைக் குறைக்க வேண்டும். 30 வினாடி தெளித்த பனி காற்றில் கலந்து மறையும். இரண்டு நிமிடம் தெளித்தால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து படுக்கையின் மேல் வழியும். மொத்த நீர் ஒன்றாகவே இருந்தாலும் பலன் ஒன்றல்ல. ஆகவே 30 வினாடியை அப்படியே வைத்து, ஓய்வை 30 நிமிடத்திலிருந்து 20 ஆகவும், மிகவும் வறண்ட நாளில் 15 ஆகவும் குறைக்கலாம். மழை நாட்களில் இரண்டு மணி நேரம் வரை நீட்டலாம், அல்லது நிறுத்தியே வைக்கலாம். தெளித்துப் பத்து நிமிடம் கழித்துப் பாலித்தீன் தாளில் நீர் வழிந்து ஓடினால் அதிகம். குடைகளின் ஓரம் வெடித்துச் சுருண்டால் குறைவு. குடையில் மஞ்சள் பழுப்புத் திட்டுகள் தோன்றி வழவழத்தால், ஈரம் உலராமல் நின்று பாக்டீரியா பற்றியுள்ளது என்று அறிக.

காம்பு நீண்டு குடை சிறுத்துப் போவதைக் கண்டு நீர் போதவில்லை என்று எண்ணிவிடக்கூடாது. அது காற்றோட்டக் குறை. கதவு, சன்னலைத் திறந்து புதிய காற்றை விடவேண்டும். வேறொரு டைமரை வைத்து, காற்றை வெளியேற்றும் விசிறியை மணிக்கு ஐந்து நிமிடம் ஓடச் செய்தும் பார்க்கலாம்.

இரவில் ஓய்வு

மாலை 6 மணிக்கு மேல் தெளிப்பதை நிறுத்திவிடுவது நல்லது. இரவில் குளிர்ந்த காற்றில் ஈரம் உலராது. இதற்குத்தான் முன்பு வேண்டாம் என்று சொன்ன ஊசி டைமர் பயன்படுகிறது. முதலில் சுவரில் ஊசி டைமர், அதன் மேல் சுழற்சி டைமர், அதில் பம்பு என்று வரிசையாகச் செருகுக. ஊசி டைமர் காலை 6 மணிக்கு மின்சாரத்தைத் திறந்து, மாலை 6 மணிக்கு மூடும். ஆனால் மின்தடையின்போது ஊசி டைமரின் தட்டு நின்றுவிடும். இரண்டு மணி நேரத் தடை என்றால் அது இரண்டு மணி நேரம் பின்தங்கும். தினமும் காலையில் கடிகாரத்தோடு ஒப்பிட்டுத் திருப்பி வைக்க வேண்டும்.

மின் பாதுகாப்பும் பராமரிப்பும்

டைமரையும் அடாப்டரையும் குடிலுக்குள் வைக்கவே கூடாது. தாழ்வாரத்தில், மழைச்சாரல் படாத இடத்தில், ஆள் மார்பு உயரத்தில் இருக்கட்டும். கம்பி மேலிருந்து நேராக டைமருக்குள் இறங்கினால் நீரும் அதனுடன் இறங்கும். கம்பியைச் சற்றுத் தொங்கவிட்டு மேலே ஏற்றினால் நீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். மூன்று முனைப் பிளக்கும் நல்ல எர்த் இணைப்பும் கட்டாயம் தேவை. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. எனும் பாதுகாப்பு விசை வீட்டில் இல்லையானால், டைமருக்குச் செலவிடும் முன் அதற்குச் செலவிடுக.

தொட்டியில் நீர் தீர்ந்தாலும் டைமர் பம்பை ஓட்டிக்கொண்டுதான் இருக்கும். நீர் குறைந்தால் பம்பை நிறுத்தும் மிதவை விசை ஒன்றைப் பொருத்துக. ஐம்பது லிட்டர் தொட்டி சாதாரண நாட்களில் நான்கு நாட்களுக்குத் தாங்கும். ஆழ்குழாய் நீரில் உப்பு அதிகமானால் முனைகள் விரைவில் அடைபடும். பம்புக்கு முன் ஒரு வடிகட்டி வைப்பதுடன், வாரம் ஒரு முறை முனைகளைக் கழற்றி வினிகரில் ஓர் இரவு ஊறப்போட்டுக் கழுவி மாட்டுக. ஒரு முனை அடைத்தால் அதன் கீழுள்ள படுக்கை மட்டும் காயும்; வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஆகையால் டைமர் வைத்த பிறகும் காலையிலும் மாலையிலும் ஒரு தரம், பம்பு ஓடும் நேரத்தில் குடிலுக்குள் நின்று எல்லா முனைகளும் தெளிக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும்.

காளான் இல்லாத மாதங்களில் இதே டைமரைக் கொண்டு மாடித் தோட்டத் தொட்டிகளுக்குச் சொட்டு நீர் விடலாம். மீன் தொட்டிக்குக் காற்று ஊதலாம். குளிர்சாதனப் பெட்டியை மட்டும் இதில் மாட்ட வேண்டாம். நின்ற உடனே மீண்டும் புறப்பட வைத்தால் அதன் கம்ப்ரஸர் கெட்டுவிடும். வாளியில் போட்டு நீர் சூடாக்கும் கம்பியையும் ஆள் இல்லாத வேளையில் டைமரிடம் விடக்கூடாது. நீர் வற்றிய வாளியிலும் அது சூடேறிக்கொண்டே இருக்கும்.