மாதிரிச் சரக்குப் பெட்டிகளை ஒப்பிடுவது எங்ஙனம்?

விளையாட்டுப் பொருளைப் பற்றிச் சங்க மலரில் எழுதலாமா என்று அன்பர்கள் வினவலாம். புகைவண்டி மாதிரிகளைச் செய்து ஓட்டுவது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் முதியோரும் ஈடுபடும் ஒரு கலை. அதனுள் நல்லதொரு பௌதிகப் பாடமும் அடங்கியிருக்கிறது. அதை நான் ஒரு தவற்றின் வாயிலாகக் கற்றேன்.

அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் ஒருவர், மூன்று நிறுவனத்தார் செய்த மூன்று மாதிரிகளை எனக்குக் கொணர்ந்தார். மூன்றும் 40 அடி மூடிய சரக்குப் பெட்டியின் வடிவங்களே. நண்பரிடம் எஞ்சினும் தண்டவாளமும் இரவல் பெற்று விடுதி அறையில் ஓட்டினோம். மூன்றனுள் மிக அழகான பெட்டியே, தடம் பிரியும் 'பாயிண்ட்' வரும்போதெல்லாம் கீழே இறங்கிற்று. காரணம் யாது?

முதலில் அளவைப் பார்த்தேன். 'எச்.ஓ.' என்னும் அளவில் உண்மையான 1 அடி 3.5 மில்லிமீட்டராகச் சுருங்கும். அதாவது 87-இல் ஒரு பங்கு. தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மி.மீ. இங்கிலாந்தின் 'ஓ.ஓ.' மாதிரிகளும் இதே தண்டவாளத்தில் ஓடும். ஆனால் அவற்றில் 1 அடிக்கு 4 மி.மீ. ஆதலின் ஒரே தடத்தில் ஓடுவன எல்லாம் ஒரே அளவின என்று கொள்ளலாகாது. புல்மன்-ஸ்டாண்டர்டு நிறுவனம் 1947 முதல் கட்டிய 'பி.எஸ்.-1' பெட்டியின் உள்நீளம் 40 அடி 6 அங்குலம். அது மாதிரியில் 142 மி.மீ., ஏறத்தாழ 5.6 அங்குலம் ஆகவேண்டும். என் பெட்டிகள் மூன்றும் இதற்கு ஒத்திருந்தன.

அடுத்து எடை. நீளம் 87 மடங்கு சுருங்கினால், கன அளவு 87-ஐ மும்முறை பெருக்கிய அளவு, அதாவது 6,58,503 மடங்கு சுருங்கும். 20 டன் எடையுள்ள வெறும் பெட்டி 30 கிராமே ஆகும்! ஆனால் 1935-இல் தோன்றிய அமெரிக்கத் தேசிய மாதிரி இரயில் சங்கத்தின் பரிந்துரை வேறு: முதலில் 1 அவுன்ஸ், பின் ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். இதன்படி நம் பெட்டிக்கு ஏறத்தாழ 108 கிராம் வேண்டும். 45 டன் சரக்கேற்றிய பெட்டியைச் சுருக்கினாலும் 99 கிராம்தான். வடிவத்தில் உண்மையாக இருப்பது வேறு, ஓட்டத்தில் உண்மையாக இருப்பது வேறு என்பது இங்கே விளங்கும். வளைவில் எஞ்சின் இழுக்கும் விசையின் ஒரு பகுதி பெட்டியை உட்புறமாகச் சாய்க்கப் பார்க்கும். பெட்டி நீண்டால் அப்பகுதியும் மிகும். நீளத்துக்கேற்ப எடை கூட்டுவதன் பொருத்தம் இதுவே.

என் அழகிய பெட்டி 78 கிராமே இருந்தது. காரணம் அகப்பட்டதென்று மகிழ்ந்து, இரும்பு நட்டுகளை அடித்தளத்தில் ஒட்டி 108 ஆக்கினேன். மீண்டும் பாயிண்ட்; மீண்டும் வீழ்ச்சி!

கரக்பூரிலுள்ள என் தந்தையார் இரயில்வேயில் சரக்குப் பெட்டிகளைப் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். என் கணக்கையெல்லாம் விரிவாக எழுதினேன். அவர் எழுதிய மறுமொழி இரண்டே வரி: "பெட்டியின் வண்ணத்தை எவரும் பார்ப்பர். நீ குனிந்து சக்கரத்தைப் பார்த்தாயா?"

ஆய்வுக்கூடத்து வெர்னியரால் அளந்தேன். ஓர் அச்சில் இரு சக்கரங்களின் உட்புற இடைவெளி, மற்றவற்றைவிட அரை மி.மீ. குறைவு. பாயிண்டின் காவல் தண்டவாளத்தில் சக்கரத்தின் முதுகு மோதி மேலே ஏறியிருக்கிறது. சக்கரத்தை அச்சில் மெல்லத் திருகி நகர்த்தினேன். அதன்பின் ஒரு முறையும் இறங்கவில்லை.

ஆகவே, பெட்டிகளை ஒப்பிடுவோர் அளவு, எடை, சக்கரம், இணைப்பு, இறுதியாக நுணுக்கம் என்ற வரிசையில் பார்ப்பது நலம். இணைப்பில் கேடீ நிறுவனத்தின் காந்தத்தால் விடுபடும் கொக்கி பலரும் விரும்புவது. நுணுக்கத்தில், அந்நிறுவனத்தின் 'பி.எஸ்.-1' பெட்டியில் கைப்பிடிகள் தனித்தனியே பொருத்தப்பட்டவை. அக்யுரெயில் பெட்டிகளில் அவை உடலோடு சேர்த்தே வார்க்கப்பட்டவை. முன்னது கண்ணுக்கு இனிது. பின்னது கைபட்டாலும் ஒடியாது. எது வேண்டுமென்பது அவரவர் நோக்கத்தைப் பொறுத்தது.

என் கணக்கில் பிழை இல்லை. ஆனால் அது நான் கேட்ட கேள்விக்கு விடையன்று. ஆய்வு மாணவனாகிய எனக்கு அந்த அரை மில்லிமீட்டர் கற்பித்த பாடம் இதுவே.